ஹாரன் ஃபியூஸைப் பிடுங்கினேன்

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. இதில் ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லவில்லை. நேரத்தையெல்லாம் இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறானே என்று சந்தேகம் வேண்டாம். மூக்குக்கண்ணாடிக் கடையில் இருபத்தாறு வருடமாக லென்ஸ் வெட்டுகிறேன். அரை மில்லிமீட்டர் தப்பினாலும் கண்ணை உறுத்தும். அந்தப் புத்தி கடிகாரத்தையும் விடாது.

மனைவி போய் மூன்று வருடமாகிறது. ஒரே மகளுக்கு வேறு ஊரில் வேலை. நாலாவது மாடியில் இரண்டு அறை வீடு, அதில் நான், ஒரு டிவி. டிவியை அணைத்துவிட்டால் ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம்தான் பேச்சுத்துணை. இந்த லட்சணத்தில் உனக்கு எதற்குக் கார் என்று கேட்பீர்கள். மகள் வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. "ஸ்டேஷன்ல இருந்து ரெண்டு பஸ் மாறி வரணும்ப்பா, வெறுத்துப் போகுது" என்றாள் போனில். மறுநாளே போய்ப் புது கார் புக் பண்ணிவிட்டேன். அவளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னாள். அந்த ஒரு நாள் கார் ஒழுங்காக ஓட வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கார் புதன்கிழமை வந்தது. பதினொரு கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. புது வாசனைகூடப் போகவில்லை. ஆனால் இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. டிரைவர் கால் வைக்கும் இடத்து மேட் மட்டும் மற்றவற்றைவிட ஒரு சாயல் கறுப்பு. டிரைவர் கதவின் உள்பக்கம், அடியில், சின்னச் சின்னத் தேய்மானம். புது காரில் யார் அங்கே போய் இடித்திருப்பார்கள்? லாரியில் ஏற்றி இறக்கும்போது ஆகியிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். மழை. கடையிலிருந்து வந்துகொண்டிருந்தேன். சரியாக 6:40. டாஷ்போர்டு விளக்குகள் எல்லாம் ஒருமுறை மினுக்கின. எஞ்சின் அடங்கியது. வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்றது. பின்னால் வந்தவன் என்னையும் என் பரம்பரையையும் சேர்த்துத் திட்டிவிட்டுப் போனான். நான் எதையும் தொடவில்லை. ஆனால் ஹாரன் அடித்தது.

பீப். பீப். பீப்.

நாலு நிமிடம் கழித்து எல்லாம் தானாக வந்துவிட்டது. சனி, ஞாயிறு நான் காரைத் தொடவில்லை.

திங்கட்கிழமை ஒர்க்ஷாப்பில் விட்டேன். டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் இறங்கிவிடுகிற குழந்தை மாதிரி, அங்கே கார் அவ்வளவு சமர்த்து. கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்த்த எலக்ட்ரீஷியன், "ஒரு ஃபால்ட்டும் காட்டலை சார்" என்று தன் போன் நம்பரைக் கொடுத்து அனுப்பினார்.

மகளிடம் சொன்னேன். "தனியாவே இருந்தா எல்லாம் பெருசாத்தான்ப்பா தெரியும்" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது.

அடுத்த வெள்ளிக்கிழமை. மகள் வர இன்னும் இரண்டே நாள். எதற்கு வம்பு என்று காரைக் கீழே பார்க்கிங்கில் பூட்டிவிட்டு பஸ்ஸில் போய்வந்தேன். வீட்டுக்கு வந்து டீ போட்டுக்கொண்டிருந்தேன்.

6:40.

கீழேயிருந்து... மூன்று முறை. பத்து விநாடி இடைவெளி. மறுபடி மூன்று.

ஓடினேன். கார் பூட்டித்தான் இருந்தது. சாவி என் கையில். உள்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்தேன்... டிரைவர் சீட் கடைசிவரை பின்னால் தள்ளியிருந்தது. நான் குள்ளம். ஸ்டீயரிங்கைக் கட்டிப்பிடித்தபடி ஓட்டுகிறவன். அந்த சீட்டை ஒருநாளும் நான் அப்படித் தள்ளியதில்லை.

ஹாரன் நிற்கவே இல்லை. ஒன்பது மணிக்குள் மூன்று வீட்டுக்காரர்கள் என்னைத் தேடி வந்துவிட்டார்கள். அந்தக் கட்டடத்தில் என்னோடு அத்தனை பேர் பேசியது அன்றைக்குத்தான். வேறு வழியில்லாமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன்.

"ஹாரன் ஃபியூஸைப் பிடுங்கிடுங்க சார். ஸ்டீயரிங்குக்குக் கீழ சின்ன மூடி இருக்கும். நல்லாக் குனிஞ்சு பாருங்க."

குனிந்தேன். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, கால் வைக்கும் இடத்தில் தலையை நுழைத்தேன். கன்னத்தில் ஏதோ பட்டது. காற்று... வெதுவெதுப்பாக. விட்டு விட்டு.

பிடுங்கினேன்.

ஹாரன் நின்றது. மணி 9:20.

அமைதி...

டொக். டொக். டொக்.

கதவின் உள்பக்கம். அடியில்.

எடுத்தேன் ஓட்டம். சொல்ல வெட்கமில்லை.

சனிக்கிழமை இரண்டு தடவை பார்க்கிங் வாசல்வரை போய் நின்றேன். கேட்டது. முந்தின நாளைவிட மெதுவாக.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் காரை ஏன் எடுத்தாய் என்று கேட்பீர்கள். பஸ்ஸில் கூட்டிவந்தால் மகள் இனிமேல் வரவே மாட்டாளோ என்று பயம். காரில் இருந்ததைவிட அந்தப் பயம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. ரேடியோவை அலறவிட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன்.

10:40-க்கு ஏறினாள். "சூப்பரா இருக்குப்பா வண்டி" என்றாள். சந்தோஷத்தில் மெதுவாகவே ஓட்டினேன். பாதி வழியில் ரேடியோவைக் குறைத்தாள்.

"அப்பா... யாரோ தட்றாங்க."

"உனக்கும் கேக்குதா?"

"உங்க கால்கிட்ட..."

வண்டியை ஓரம் கட்டினேன். நல்ல வெயில். பக்கத்திலேயே ஜனங்கள் நடந்துபோகிறார்கள். அவள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

டொக்.

...

டொக்.

அப்புறம் வரவில்லை. இரண்டு நிமிடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். டாஷ்போர்டு கடிகாரத்தில் 11:05.

"அப்பாடா! நின்னுடுச்சுப்பா" என்று அவள்தான் முதலில் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவளோடு சேர்ந்து சிரித்து எவ்வளவு நாளாயிற்று!

திங்கட்கிழமை மறுபடி ஒர்க்ஷாப். எலக்ட்ரீஷியனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சீட் பின்னால் போனதைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. மேட்டைத் தூக்கிப் பார்த்தார். கதவின் அடியில் இருந்த தேய்மானத்தைத் தடவிப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மேட்டை மட்டும் மாத்திட்டு அந்த வண்டியை யாருக்குக் குடுத்தாங்கன்னு ஆபீஸ்ல எங்ககிட்டயே சொல்லலை சார்" என்றார். "என்கூட வேலை பார்த்தவன். டெலிவரிக்கு முன்னாடி ஒயரிங் செக் பண்றது அவன்தான். உங்களுக்கு வண்டி வர்றதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, ஆறரைக்கு நான் கெளம்பிட்டேன். அவன் இந்த ஒரு வண்டியை முடிச்சிட்டு வரேன்னான். மழைன்னு கதவைச் சாத்திக்கிட்டு, சீட்டைப் பின்னால தள்ளிட்டு, ஃபியூஸ் பாக்கக் குனிஞ்சிருக்கான். அப்படியே ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு. கீழ சரிஞ்சவனால எழுந்திரிக்க முடியலை. ஒரு கை மட்டும் எட்டி எட்டி ஹாரனை..."

"யாருக்குமே கேக்கலையா?"

"வாட்ச்மேனுக்குக் கேட்டிருக்கு. புது வண்டிங்க நிக்கிற யார்டுல எந்நேரமும் எதாவது வண்டி கத்திக்கிட்டுத்தானே இருக்கும்னு விட்டுட்டாரு. ஒன்பதே காலுக்கு மேல பேட்டரி இறங்கி நின்னுடுச்சு. சனி, ஞாயிறு யார்டு லீவு. திங்கட்கிழமைதான் பாத்தோம். விரல் மூட்டெல்லாம் வீங்கிப்போய் இருந்துச்சு சார்."

"வீட்ல யாரும் தேடலையா?"

"தனி ஆளு சார்."

என் சட்டைப்பையில் அந்த ஃபியூஸ் இருந்தது. எடுத்து அவர் கையில் வைத்தேன். அதோடு கிளம்பியிருக்க வேண்டும். வாய் சும்மா இருக்கவில்லை. எப்போது உயிர் போயிற்று என்று கேட்டுவிட்டேன்.

"ரெண்டு நாள் தாக்குப் பிடிச்சிருக்கான்னு டாக்டர் சொன்னாரு சார். ஞாயித்துக்கிழமை காலையில... பதினோரு மணி வாக்குல."

அந்த நேரத்தில்தான் நானும் என் மகளும், சத்தம் நின்றுவிட்டதென்று சிரித்தோம்.