தேவானந்தம் வைக்கும் மடிப்புகள்

“குந்து” என்கிறார் தேவானந்தம். குழந்தை குந்துகிறது. “எந்திரி. ரெண்டு கையும் தூக்கு. இப்ப வாசல் வரைக்கும் ஓடிட்டு வா.” குழந்தை ஓடுகிறது. கழுத்தில் தொங்கும் அளவு நாடாவை அவர் தொடவே இல்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தபடி நிற்கிறார். ஓடிப்போய்த் திரும்பி மூச்சிரைக்க வந்து நின்ற பிறகுதான் நாடா கழுத்திலிருந்து இறங்கும். கவுனுக்கு அளவு கொடுக்க வந்தோமா, போலீஸ் வேலைக்கு ஆள் எடுக்கிற இடத்துக்கு வந்துவிட்டோமா என்று புதிதாக வரும் தாய்மார்களுக்குச் சந்தேகமே வந்துவிடும். கேட்டால் பதில் தயாராக வைத்திருக்கிறார். “கொழந்தைங்க இன்னா போட்டோவுக்கு நிக்கறதுக்கா பொறந்துச்சிங்க? குந்தும், ஏறும், வுழும். நிக்க வெச்சி அளவெடுத்தா அக்குள்ள கிழிஞ்சிடும்.”

ஆம்பூரில் எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமை தோறும் நடக்கிற கூத்து இது. சர்ச்சிலிருந்து வந்ததும் வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, முண்டா பனியனோடு மெஷினில் உட்கார்ந்துவிடுவார். மற்ற ஆறு நாளும் அவர் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவின் சூப்பர்வைசர். ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு, தொண்டை அதைவிடப் பெரிது. மாதனூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும் பெண்கள், இவர் தலை தெரிந்ததும் பாதிப் பேச்சை விழுங்கிக்கொண்டு மெஷினில் குனிந்துவிடுவார்களாம். அந்த மனிதர்தான் இங்கே உட்கார்ந்து, கைப்பிள்ளையின் சட்டைக் கழுத்துக்குப் பூப்போட்ட லேஸ் வைக்கலாமா, வைத்தால் குழந்தைக்கு உறுத்துமா என்று அரை மணி நேரம் யோசிக்கிறார்.

இந்தத் தெருவுக்கு நான் குடிவந்த புதிதில், சுவருக்கு அந்தப்பக்கம் மெஷின் சத்தம் கேட்டு, ரோஸ் அக்காதான் தைக்கிறார்கள் என்று நினைத்தேன். ரோஸ் அக்கா இவருடைய மனைவி. வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரு ரவிக்கைத் துணியைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். அக்கா சிரித்து மாளவில்லை. தனக்குப் பட்டன் வைக்கக்கூட வராது என்றும், தைக்கிறவர் உள்ளே இருக்கிறார் என்றும், ஆனால் பெரியவர்களுக்கு ஒரு நூல்கூட ஓட்டமாட்டார் என்றும் சொன்னார்கள். அவர் தலையை மட்டும் நிமிர்த்தி என் துணியைப் பார்த்தார். “கொழந்தைங்க வளரும்மா, அதுக்கு ஏத்த மாதிரி தெய்க்கலாம். பெரியவங்க வளர்றதில்ல, ஊதறாங்க. அதுக்கு என்னால துணி வுட முடியாது.” அன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு, அந்த வாசலை மிதிக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். என் சின்ன மகள் நான் சொல்வதைக் கேட்கிறவள் இல்லை. அடுத்த வாரமே தனியாகப் போய்க் குந்தி, எழுந்து, ஓடி, அளவு கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

அவள் கவுன் வந்தபோது அதில் ஒரு பாக்கெட் இருந்தது. பாக்கெட்டில் கொஞ்சம் பொரிகடலை. பெண் குழந்தைகளின் கவுனுக்கு யாராவது பாக்கெட் வைப்பார்களா? இவர் வைப்பார், வைக்காமல் விட்டதே இல்லை. பையன்களுக்கு மட்டும் டவுசரில் இரண்டு பக்கமும் வைத்துவிட்டு, பெண் பிள்ளைகளை வெறுங்கையோடு அனுப்புவது என்ன நியாயம் என்று கேட்கிறார். வெறும் பாக்கெட்டையும் கொடுக்கக் கூடாதாம். அதற்காகவே மெஷின் பக்கத்தில் ஒரு பவுடர் டப்பாவில் கடலை இருக்கும். கூலி என்று எதையும் தொடமாட்டார். வாங்கினால் அது வேலையாகிவிடும், வேலைதான் ஆறு நாள் இருக்கிறதே என்பார்.

நாளெல்லாம் தைக்கிற மனிதருக்கு வீட்டுக்கு வந்தும் எதற்கு இந்தத் தையல் என்று நான் ஒருநாள் கேட்டேன். பாதியாக உடைத்த பிளேடால் ஏதோ ஒரு தையலைப் பிரித்துக்கொண்டிருந்தார். தைப்பதைவிட அவர் பிரிப்பதுதான் அதிகம். ஒரு நூல் அளவு விலகியிருந்தாலும் முழு வரிசையையும் பிரித்துவிடுவார். பிரித்த இடத்தில் ஊசி ஓட்டைகள் வரிசையாகத் தெரிந்தன. பக்கத்திலிருந்த டம்ளரில் கட்டைவிரலை நனைத்து, அந்த வரிசையின் மேல் மெதுவாகத் தேய்த்தார். இழைகள் நகர்ந்து, ஓட்டைகள் இருந்த சுவடே தெரியாமல் போயின. “அங்க தோலு. தோல்ல ஒரு வாட்டி ஊசி எறங்கிச்சின்னா எறங்குனதுதான். பிரிச்சாலும் ஓட்ட நிக்கும், அப்புறம் அது ரிஜெக்ட். அதனாலதான் நாள் பூரா கத்தறேன். துணி அப்டி இல்லம்மா. தண்ணி பட்டா மூடிக்கும்.” இதைச் சொல்லும்போது கம்பெனித் தொண்டை எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. மனிதர் அன்றைக்குத்தான் எனக்குப் பிடிபட்டார்.

அவர் கைப்பட்ட கவுனை எந்த ஊர்க் கூட்டத்திலும் அடையாளம் சொல்லிவிடலாம். பாவாடைப் பகுதியில், சுற்றிலும், ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று மடிப்பு. பார்க்க அலங்காரம் மாதிரி இருக்கும். உண்மையில் அது வருங்காலத்துக்கு ஒளித்துவைத்த துணி. குழந்தை உயர உயர, வருஷத்துக்கு ஒன்றாகப் பிரித்துவிட்டால் கவுன் கீழே இறங்கும். பண்டிகை நெருங்கினால் தெருப் பிள்ளைகள் பழைய கவுனோடு வந்து மடிப்பைப் பிரிக்கச் சொல்லி வரிசையில் நிற்பார்கள். பக்கத்து வீட்டு மஹ்பூபியின் மகள் ஃபரீதாவுடைய பச்சைக் கவுன் அப்படி இறங்கி இறங்கி, மேலே வெளுத்த பச்சையும் கீழே கடையில் வாங்கிய அன்றிருந்த பச்சையுமாக, பட்டை பட்டையாக இருக்கிறது. அந்தப் பட்டைகளைக் காட்டி, போன வருஷம் நான் இவ்வளவு, அதற்கு முன்னால் இவ்வளவு என்று ஃபரீதா எல்லோரிடமும் பீற்றிக்கொள்கிறாள்.

வெட்டியதில் மிஞ்சும் துண்டுகள் ஒரு தலையணை உறையில் சேரும். அது நிரம்பியதும் ஒட்டுப்போர்வை. மஹ்பூபி வீட்டில் அதைக் கோதடி என்பார்கள். அதை அவருக்குச் சொல்லிக் கொடுத்தவளும் மஹ்பூபிதான். முதல் போர்வையை இவர் கெத்தாக மெஷினில் ஓட்டிக்கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். அவள் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, “அட்டை மாதிரி இருக்குதுண்ணா, இதுல கொழந்த எப்டி தூங்கும்?” என்று கேட்டாளாம். கம்பெனியில் யாரும் இவர் தையலைக் குறை சொன்னதில்லை. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, மூன்றாம் நாள் ஊசியோடு போய் அவள் எதிரில் உட்கார்ந்துவிட்டார். இப்போது ரோஸ் அக்காவின் நைந்துபோன வெள்ளை யூனிபார்ம் புடவைகளை உள்ளே அடுக்கி, மேலே கவுன் துண்டுகளைப் பரப்பி, கையாலேயே நெருக்கமாக ஓடுதையல் போடுகிறார். தெருவில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் ஒரு போர்வை போய்விடும்.

தேவகி விஷயம் போன ஐப்பசியில் நடந்தது. தேவகி அவர் பிரிவில் வேலை செய்கிற மாதனூர்க்காரப் பெண். புருஷன் விட்டுவிட்டுப் போனவள். அன்றைக்கு அவள், ‘அப்பர்’ என்று அவர்கள் சொல்லும் ஷூவின் மேல்பாகத்தில் ஒரு கட்டு முழுவதையும் தப்பாகத் தைத்து வீணாக்கிவிட்டாள். இவர் கத்திய கத்தல் ஹாலின் அடுத்த கோடி வரை கேட்டிருக்கிறது. பக்கத்து மெஷின்காரிதான் சொல்லியிருக்கிறாள்: தேவகியின் குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை, வேலூரில் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள், பிழைப்பது உறுதி இல்லை என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். இவர் “ஞாயித்துக்கெழம கொழந்தைய கூட்டினு வீட்டுக்கு வா” என்று மட்டும் சொல்லியிருக்கிறார். தேவகி பின்னால் எனக்குச் சொன்னது இது.

அந்த ஞாயிறு நானும் அங்கே இருந்தேன். தேவகியின் மகள் மலர்க்கொடிக்கு ஐந்து வயது. மூன்று என்றுதான் யாரும் சொல்வார்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து அம்மா இடுப்பில் வந்தவளுக்கு, இறக்கிவிட்டதுமே மூச்சு வாங்கியது. குந்து என்று தேவானந்தம் சொல்லவில்லை. ஓடு என்றும் சொல்லவில்லை. அவ்வளவு பெரிய மனிதர் அவள் எதிரில் சம்மணம் போட்டுத் தரையில் உட்கார்ந்து, அவளை உட்கார்ந்தபடியே இருக்கவிட்டு, தோளையும் மார்பையும் நாடா படுகிறதா இல்லையா என்கிற மாதிரி அளந்தார். தேவகி தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: “அளவா தெச்சிடுங்க சார். ஆஸ்பத்திரிக்கு போட்டுனு போனா போதும். மடிப்பெல்லாம் வேணாம்.”

அதற்கு மேல் கேட்டுத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது? அவர் “ம்” என்றார்.

அடுத்த ஞாயிறு கவுன் தயாராக இருந்தது. மஞ்சளில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளி. பாக்கெட், அதில் கடலை. கீழே சுற்றிலும் மூன்று மடிப்பு. தேவகி அந்த மடிப்புகளை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அவள் முகம் போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை. “வேணாம்னு சொன்னேன்ல சார்?” என்றாள். “மடிப்பு இல்லாம எனக்கு தெய்க்க வராது” என்றார் அவர். அவள் துணியைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, போய்விட்டு வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அன்றைக்கு ரோஸ் அக்கா விட்ட டோஸ் சுவரைத் தாண்டி எனக்குக் கேட்டது. “அவ மனசு தாங்காதுன்னுதான வேணாம்னா. நீங்க இன்னா ஆண்டவரா, மூணு வருசத்த முன்னாடியே எழுதி வெக்கறதுக்கு?” எனக்கும் அக்கா சொன்னதுதான் சரி என்று பட்டது. நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால், பிரிக்காத அந்த மடிப்புகளை அந்தப் பெண் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பாள்? இத்தனை நல்ல மனிதருக்கு இந்த ஒரு பிடிவாதம் எதற்கு என்று எரிச்சலாகக்கூட இருந்தது.

ஆபரேஷன் நாளில் அவர் லீவு போட்டார். தனக்குக் காய்ச்சல் என்றாலும் லீவு போடாதவர். ஆபரேஷன் அக்காவின் ஆஸ்பத்திரியில்தான். காலையில் அவர்கள் வேலூர் பஸ் ஏறியதும் பாதியில் கிடந்த போர்வையை விரித்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. சாப்பிட்டாரா என்று பார்க்கப் போன நானும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மஹ்பூபி தன் ஊசியை எடுத்துக்கொண்டு வந்து எதிர் ஓரத்தில் அமர்ந்தாள். இரண்டு பேரும் இரண்டு பக்கத்திலிருந்து தைத்தார்கள். “அண்ணா, கோணலா போவுது” என்று அவள் ஒரு தடவை சொன்னாள். அவர் நூல் கோக்கும்போது ஊசிக் காது மூன்று தடவை தவறியதைப் பார்த்தபிறகு சொல்லவில்லை. நூல் தீரும்போதெல்லாம் அவர் ஊசியை வாங்கி, தானே கோத்துக் கொடுத்தாள். பயமே இல்லாமல் மடிப்பு வைத்தார் என்று நான் நினைத்திருந்தது எவ்வளவு தப்பு.

சாயங்காலம் அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார்கள். “கண்ணத் தொறந்துட்டா. தண்ணி கேட்டாளாம்.” மஹ்பூபி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அழுதேவிட்டேன், எனக்கென்ன வெட்கம். தேவானந்தம் “ம்” என்று சொல்லிவிட்டு மறுபடியும் போர்வையில் குனிந்தார். அந்த நாளின் தையல் முழுக்கப் பாம்பு போன தடம் மாதிரி இருந்தது. ஒரு நூல் விலகினாலும் பிரிக்கிறவர், அந்தப் போர்வையில் ஒரு தையலைக்கூடப் பிரிக்கவில்லை. அப்படியே முடித்து, மலர்க்கொடி வீட்டுக்குப் போகிற அன்று அக்காவிடம் கொடுத்தனுப்பினார்.

போன ஞாயிற்றுக்கிழமை தேவகி வந்திருந்தாள். மலர்க்கொடி அவளுக்கு முன்னால் நடந்து வந்தாள். கன்னத்தில் சதை போட்டிருந்தது. அதே மஞ்சள் கவுன், வெளுத்துப்போய் முழங்காலுக்கு மேலே ஏறி நின்றது. தேவானந்தம் நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு எழுந்தார். “குந்து.” குந்தினாள். “எந்திரி. ரெண்டு கையும் தூக்கு.” தூக்கினாள். அத்தோடு அவர் நிறுத்திக்கொண்டார். மற்ற பிள்ளைகளைப் பார்த்து வைத்திருந்தாளோ என்னவோ, யாரும் சொல்லாமலே அவள் திரும்பி வாசல் வரைக்கும் ஓடினாள். ஓடித் திரும்பி வந்து, எல்லாப் பிள்ளைகளையும் போல மூச்சிரைக்க அவர் எதிரில் நின்றாள்.

அவர் பிளேடை எடுத்தார். தேவகி கையை நீட்டினாள். ஒரு கணம் பார்த்துவிட்டு அவளிடமே கொடுத்தார். குழந்தையை நிற்க வைத்தபடியே அவள் கீழ் மடிப்பைச் சுற்றிலும் பிரித்தாள். உள்ளேயிருந்து ஒரு பட்டை மஞ்சள், வாங்கிய அன்றிருந்த மஞ்சள், பளிச்சென்று இறங்கியது. மலர்க்கொடிக்கு அது போதவில்லை. எல்லாவற்றையும் பிரிக்கச் சொல்லிக் குதித்தாள்.

“இருக்கட்டும்டீ” என்றாள் தேவகி. மீதி மடிப்புகளை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். “இது அடுத்த வருசத்துக்கு. இது அதுக்கு அடுத்த வருசத்துக்கு.”

தேவானந்தம் டம்ளர்த் தண்ணீரில் கட்டைவிரலை நனைத்துக்கொண்டு, குழந்தையின் எதிரில் மண்டியிட்டு, பிரித்த இடத்தில் தெரிந்த ஊசி ஓட்டைகளைத் தேய்க்க ஆரம்பித்தார்.