இஸ்திரிக்காரர் வேடம்

இந்தித் தொலைக்காட்சியில் காமெடித் தொடர்களுக்கு எழுதுகிறவன் நான். அவற்றிலேயே சில்லறை வேடங்களும் போடுவேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இந்தி பேச வரும், எழுத வராது. வசனத்தைத் தமிழ் எழுத்தில்தான் எழுதிவைப்பேன். அதை அங்கே வேறு யாராலும் படிக்க முடியாது என்பதால், ஒவ்வொரு எபிசோடையும் நானே நடித்துக் காட்டவேண்டும். மாமியார் அழுவதும் நான்தான், மருமகள் முறைப்பதும் நான்தான். டைப் அடிக்கிறவர் கேட்டு அடிப்பார். நடிகர்கள் பார்த்துப் பிடித்துக்கொள்வார்கள்.

ஒரு தொடரில் தாராவி இஸ்திரிக்காரர் ஒருவரை எழுதினேன். சட்டையைக் கருக்கிவிட்டு, தப்பு சட்டைமேல்தான் என்று வெகு மரியாதையாக வாதாடுகிறவர். நடித்துக் காட்டியபோது டைப் அடிக்கிறவர் கையை எடுத்துவிட்டுச் சிரித்தார். இயக்குநர், "இதை நீயே செய்" என்றார்.

நான் நடித்து எடுபடாவிட்டால் எழுத்து வேலையும் சேர்ந்து போய்விடுமே? எழுதுகிறவன் நல்ல வேடத்தைத் தனக்கே வைத்துக்கொண்டான் என்று மற்றவர்கள் பேசமாட்டார்களா? காமிரா முன்னால் நாக்கு ஒட்டிக்கொண்டால்?

"வேற யாராவது செய்யட்டும் சார். நான் சொல்லிக்கொடுக்கிறேன்."

"பக்கா?"

"பக்கா சார்."

வேறொரு நடிகர் வந்தார். நடையிலிருந்து எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தேன். அந்த எபிசோடில் எனக்கு டீ கொண்டுவரும் வேடம்.

ஒளிபரப்பான அன்று, தாராவி லேபர் கேம்ப்பில் எங்கள் அறை முழுக்க அக்கம்பக்கத்தார். நான் திரையில் டீயை வைத்துவிட்டுப் போனேன்.

"யக்கா, அண்ணன் வந்துட்டாவளா? நான் கண்ணச் சிமிட்டிட்டேனே!" என்றாள் எதிர்வீட்டுப் பெண். எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவியும்தான்.

அவர்கள் போனபிறகு அவள் கேட்டாள்: "அந்தாளு நடக்கது, பேசுததுக்கு முன்ன காதச் சொறியுதது எல்லாம் நீங்கள்லா? ஒங்களுக்குக் குடுக்கலியா?"

"குடுத்தாங்க. வேண்டாம்னுட்டேன்."

அவள் பாயை விரிக்கப் போய்விட்டாள்.

இஸ்திரிக்காரர் எல்லா எபிசோடிலும் வர ஆரம்பித்தார், அந்த நடிகர் பெரிய ஆளாகிவிட்டார். மாட்டுங்கா ஸ்டேஷன் படிக்கட்டில் கல்லூரிப் பையன்கள் அந்த நடையை நடந்து காட்டிச் சிரிப்பதை நானே பார்த்திருக்கிறேன். ஒதுங்கி வழிவிட்டேன். சில வருடங்களில் சினிமா கிடைத்து அவர் தொடரைவிட்டுப் போனார். இயக்குநர் எனக்குத்தான் போன் செய்தார். இந்தத் தடவை யோசிக்காமல் சரி என்றேன்.

செம்பூர் ஸ்டுடியோவில் மேக்கப் போட்டு நிறுத்தினார்கள். சேனலிலிருந்து புதிதாக வந்திருந்த ஒரு பெண் பார்த்தார். நாக்கு ஒட்டவில்லை, நன்றாகவே செய்தேன். அவர் சிரிக்கவும் செய்தார். பிறகு இந்தியில் சொன்னார்: "அவரை அப்படியே காப்பி அடிக்கிறீர்கள். உங்களுடையதாக ஏதாவது செய்து காட்டுங்களேன்."

இயக்குநர் என்னைப் பார்த்தார். நான் சொல்லட்டும் என்று காத்திருந்தார் என்றுதான் இப்போது தோன்றுகிறது. நான் வேறுமாதிரி நடக்கப் பார்த்தேன். கால் பின்னிக்கொண்டது. அந்த வேடத்துக்கு வேறு நடை எனக்குத் தெரியாது. நன்றி சொல்லிவிட்டு மேக்கப்பைத் துடைத்தேன்.

"என்ன சொன்னாவ?" என்றாள் மனைவி.

சொன்னேன்.

"அது ஒங்களோடதுன்னு சொல்லலியா?"

"சொன்னா நம்பவா போறாங்க?"

"நம்பாட்டிப் போறாவ. சொல்லிட்டாவது வந்திருக்கலாம்லா."

வேறொருவரைப் போட்டார்கள். அவருக்கும் நான்தான் எழுதுகிறேன்.