கிருமிக்கு வந்த மவுசு

செருப்புக் கடை வாசலில் புதுத்தோல் வாடை வந்தால் என் கால் இன்றும் தானாக நின்றுவிடும். செலவு வைக்கப் போகிறேன் என்று மனைவி இழுத்துக்கொண்டு போவாள். நானோ அதற்குள் திண்டுக்கல்லில் எங்கள் பழைய தெருவுக்குப் போய், நாலாம் வகுப்பில் உட்கார்ந்திருப்பேன்.

எங்கள் வீட்டில் கிருமிக்கு மரியாதை வந்த வருஷம் அது. அதுவரை அது அம்மாவின் பரம விரோதி. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சோப்புப் போட்டு அம்மா தேய்க்கிற தேய்ப்பில் என் கைரேகையே அழிந்துவிடும்.

அப்பாவை நாங்கள் அத்தா என்றுதான் கூப்பிடுவோம். அத்தாவுக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. அங்கிருந்து வந்த கழிவுநீர் எங்கள் தெருக் கிணற்றை டிக்காஷன் நிறத்துக்கு மாற்றியிருந்தது. தண்ணீரைச் சுத்தம் பண்ணி விடு, இல்லாவிட்டால் ஷாப்பை மூடு என்று அதிகாரிகள் கெடு வைத்துவிட்டார்கள். கழிவைத் தின்னும் கிருமிகளைத் தொட்டி கட்டி வளர்க்கலாம் என்று ஒரு கல்லூரியிலிருந்து சிலர் வந்தார்கள். தொட்டிக்கு அவர்கள் பார்த்த இடம் எங்கள் தெருமுனை.

இனிமேல் நமக்குச் சோறு போடப்போவது கிருமிதான் என்றார் அத்தா. நான் அதை அப்படியே பிடித்துக்கொண்டு, கை கழுவுவதை நிறுத்தினேன். கேட்டவர்களிடம், அத்தா வேலையைக் காப்பாற்றுகிறேன் என்றேன். இரண்டொரு நாளில் கிருமி என் வயிற்றிலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டது.

நான் பாயில் சுருண்டு கிடந்தபோது கல்லூரியிலிருந்து ஓர் அக்கா வந்தார். கிருமி எப்படித் தின்கிறது என்று பார்ப்பது மற்றவர்கள் வேலை. அதைப் பற்றித் தெருச்சனம் என்ன நினைக்கிறது என்று கேட்பது இவர் வேலை. இதற்கெல்லாமா ஒரு படிப்பு என்று தெருவே வியந்தது. கையில் பேப்பர் இருந்ததால் எல்லோருக்கும் அவர் டீச்சர்.

தொட்டி வருவதில் சம்மதமா என்று அம்மாவிடம் கேட்டார். அத்தா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். சம்மதந்தான் என்றார் அம்மா.

நான் சும்மா கிடந்திருக்கலாம். "நேத்து அத்தாகிட்ட வேணாம்னு சொன்னீங்களேம்மா?"

அம்மா பார்த்த பார்வையில் என் வயிற்றுக் கிருமியில் பாதி செத்திருக்கும். டீச்சர் பேனாவை மூடிவிட்டு, கிருமியைக் கண்டு பயமா என்று அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார்.

"அதுக்கு எதுக்கு டீச்சர் பயப்படணும்? அது பாட்டுக்குத் திங்கும், கெடக்கும். அதுக்குக் காத்து ஊத மோட்டார் ஓடணுமாம்ல? போன தடவை அடுத்த தெருவுல இப்பிடித்தான் ஒரு தொட்டி கட்டுனாக. மோட்டார் எரிஞ்சு போச்சு. அம்புட்டு நாத்தம், சோறு எறங்கல. ஷாப்ல போய்ச் சொன்னா கவர்மெண்டு ஆபீசைக் கேளுங்கிறாக, ஆபீஸ்ல ஷாப்பைக் கேளுங்கிறாக. இது நின்னா யாரு வருவா? அதைக் கேட்டு எழுதுங்க."

டீச்சர் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆமாம், இல்லை இரண்டுக்கும்தான் அதில் கட்டம் இருந்தது. அம்மா சொன்னதை ஓரத்தில் நுணுக்கி நுணுக்கி எழுதிக்கொண்டு, எந்தக் கட்டத்தில் டிக் போடட்டும் என்று தயங்கினார்.

அம்மா ஒருமுறை அத்தாவைப் பார்த்தார். "ஆமான்னே போடுங்க."

அம்மாவைக் கிருமி ஜெயித்துவிட்டது என்று நான் பாயில் கிடந்தபடியே கை தட்டினேன். டீச்சருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஜெயித்த கட்சிக்காரரான அத்தா மட்டும் ஏன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வாசலில் செருப்பைத் தேடினார் என்பதுதான் எனக்கு அப்போது விளங்கவில்லை.