பன்னிரண்டாவது பனியன்

1936 ஜனவரி 19, ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடம். பொங்கல் கழிந்து வந்த முதல் ஞாயிறு. வானம் மூடியிருந்தது, மழை இல்லை, ஏரிப் பக்கமிருந்து ஈரக்காற்று வந்துகொண்டிருந்தது. பாகூர் மைதானத்தில் ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம் ஆகியிருக்கும். இடது ஓரத்தில் நின்றபடி எங்கள் வில்லியனூர் அணியை எண்ணினேன். பன்னிரண்டு பேர் வந்தார்கள். கோல்கீப்பரை இரண்டு முறை எண்ணிவிட்டேனோ என்று மறுபடி எண்ணினேன். அப்போதும் பன்னிரண்டு. மூன்றாம் முறை எண்ணத் தேவையிருக்கவில்லை. அந்தப் பன்னிரண்டாவது ஆள் எப்படி உள்ளே வந்தான் என்பது எனக்குத் தெரியும். அந்த மைதானத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

எங்கள் அணிக்கு இரண்டு தலைகள். ஒருவர் சொல்தா, பிரெஞ்சில் சிப்பாய் என்று பொருள். பிரெஞ்சுப் படையில் பதினோரு வருடம் இருந்து, பெரிய யுத்தத்தில் இடது காதைப் பறிகொடுத்துவிட்டு ஊர் திரும்பியவர். பந்தாட்டத்தை மார்செய் துறைமுகத்துப் பாசறையில் கற்றவர். விடியற்காலையில் எங்களைக் குளக்கரையைச் சுற்றி ஓடவிடுவார். நான்கு சுற்று முடிந்த பிறகுதான் பந்தைக் கண்ணில் காட்டுவார். யாராவது பந்தை விடாமல் தானே வைத்துக்கொண்டு ஓடினால் பெயர் சொல்லித் திட்டமாட்டார், ஆட்டத்தை நிறுத்திவிட்டு அவன் அருகில் போய் நின்று, ‘மத்த பத்து பேரும் இன்னா, உன் கல்யாணத்துக்கு வந்தவங்களா?’ என்று கேட்பார்.

இன்னொருவர் சாயபு. வில்லியனூர்க் கடைத்தெருவில் கயிறும் சாக்கும் மண்ணெண்ணெயும் விற்றவர். பந்து, பனியன், வண்டிக் கூலி, ஆட்டம் முடிந்ததும் தலைக்கு இரண்டு வாழைப்பழம் எல்லாம் அவர் செலவு. காலால் ஒருநாளும் பந்தைத் தொட்டதில்லை. ஆனால் ஆளைக் கண்டுபிடிக்கும் கண் அவருக்கு இருந்தது. ரயில் நிலையத்தில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒருவன், மேலிருந்து நழுவிய சர்க்கரை மூட்டையை ஒரு கையால் தாங்கியதைப் பார்த்துவிட்டு, அன்றே அவனைக் கோல்கீப்பராகச் சேர்த்தார். சொல்தா ஒரு மாதம் முறைத்தார். பிறகு அவன் இல்லாமல் அணியை ஓர் ஆட்டத்துக்குக்கூட இறக்கவில்லை.

இருவருக்கும் அணி மீது இருந்த ஆசை சரிசமமானது. தொல்லையும் அதனால்தான் வந்தது. ஆளைக் கொண்டுவந்தவன் நான், எனவே அவனை ஆடவைக்க வேண்டும் என்பது சாயபுவின் நியாயம். ஆட்டத்தில் தோற்றால் ஊர் என்னைத்தான் கேட்கும், எனவே யார் ஆடுவது என்று நான்தான் சொல்வேன் என்பது சொல்தாவின் நியாயம். 1934இல் ஓர் ஆட்டத்தின் இடைவேளையில் சாயபு உள்ளே ஓடிவந்து முன்வரிசை ஆளுக்கு ஏதோ யோசனை சொன்னார். அடுத்த ஆட்டத்தில் சொல்தா சுண்ணாம்புப் பையைத் தானே தூக்கிவந்து எல்லைக்கோட்டை இழுத்தார். கோட்டுக்கு உள்ளே இருப்பது தன்னுடையது, வெளியே இருப்பதெல்லாம் சாயபுவுடையது என்றார். அந்தச் சுண்ணாம்பும் சாயபு கடையிலிருந்து வந்ததுதான். சாயபு அன்றிலிருந்து செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கோட்டுக்கு நான்கு விரற்கடை வெளியே நின்றே ஆட்டம் பார்த்தார். ஆனால் அன்றோடு இருவரும் நேருக்கு நேர் பேசுவதும் நின்றுபோனது.

பேச்சு என் வழியாக நடந்தது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. மேரி என்று நாங்கள் சொல்லும் நகராட்சி அலுவலகத்தில் பிறப்பு இறப்பு எழுதும் வேலை. எண்ணிக்கொண்டே இருப்பேன் என்பதால் அணியில் என் பெயர் ‘கணக்கு’. ‘டேய் கணக்கு, அவர்கிட்ட சொல்லு’ என்று ஒருவர் தொடங்குவார். நான் இருபது அடி நடந்து போய் மற்றவரிடம் சொல்வேன். அந்தப் பருவத்தில் மட்டும் நாற்பத்து மூன்று சேதிகள் கொண்டுபோனேன். அவற்றில் ஒன்றைக்கூடச் சொன்னபடி சொல்லவில்லை. ‘அந்த மடையன்கிட்ட சொல்லு’ என்பது என் வாயில் ‘தங்களிடம் சொல்லச் சொன்னார்’ என்று மாறும். அலுவலகத்தில் ஊராரின் அழுகையையும் வசவையும் கேட்டு, ஒழுங்கான வாசகமாக எழுதிப் பழகிய கை. பயம் வேறு. இவர்களில் ஒருவர் விலகினாலும் அணி இல்லை. அணி இல்லையென்றால் எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இல்லை.

பாகூர் ஆட்டத்துக்குச் சாயபு கடலூரிலிருந்து ஒரு புது ஆளைக் கூட்டி வந்தார். இடது ஓரத்தில் ஆடுபவன், அதாவது என் இடம். அவனுக்கென்று பன்னிரண்டாவதாக ஒரு பனியனும் வாங்கியிருந்தார். எங்கள் பனியன்களைவிட ஒரு சாயல் கூடுதல் சிவப்பு. வண்டியை விட்டு இறங்கியதும் சாயபு என்னை அழைத்து, இவன் ஆடவில்லையென்றால் நாளையிலிருந்து பந்து கிடையாது என்று சொல்லச் சொன்னார். நான் சொல்தாவிடம் போய், புது ஆளுக்கு எப்போதாவது வாய்ப்புக் கிடைத்தால் சாயபு சந்தோஷப்படுவார் என்றேன். சொல்தா யோசிக்கவே இல்லை. தன்னைக் கேட்காமல் கொண்டுவந்தவன் இறங்கினால் தை முடிவதற்குள் சைகோனுக்குக் கப்பல் ஏறிவிடுவேன் என்றார். அது வெறும் மிரட்டல் அல்ல. அங்கே காவல் வேலை காத்திருப்பதாக அவருடைய பழைய படைத்தோழன் எழுதிய கடிதத்தை, பத்து நாள் முன்பு நான்தான் அவருக்குப் படித்துக் காட்டியிருந்தேன்.

இருபது அடி திரும்பி நடந்தேன். சாயபுவிடம், ‘பார்த்துச் செய்யலாம்னார்’ என்றேன்.

சாயபு அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். சேதியைக் கேட்கும் முன் சொல்தா என்ன பதில் சொல்வாரோ என்று விரலை நெரித்துக்கொண்டிருந்தவர், முகம் மலர்ந்து, புது ஆளிடம் பனியனைக் கொடுத்து, விசில் ஊதியதும் உள்ளே போ என்றார். புது ஆளுக்காகச் சொல்தா ஒருவனை நிறுத்தியிருப்பார் என்று அவர் நினைத்தார்; சொல்தாவோ தன் பதினோரு பேரை அனுப்பிவிட்டு, பந்தை மட்டும் பார்த்தபடி கோட்டுக்கு உள்பக்கம் நிம்மதியாக நின்றார். நடுவர் புதுச்சேரியிலிருந்து வந்த இளம் பள்ளி ஆசிரியர். அவர் எண்ணவில்லை.

நான் வாயைத் திறந்தால் நாற்பத்து மூன்று பொய்களும் வெளியே வரும். திறக்கவில்லை. ஆறு நிமிடம் அப்படியே ஆடினேன். ஏழாவது நிமிடத்தில் பந்து என் காலுக்கு வந்தது. பழக்கத்தில் உள்பக்கம் தட்டினேன். புது ஆள் அதை ஓடியபடியே வலைக்குள் அடித்தான். என் காலிலிருந்து போய்க் கோலான ஒரே பந்து அதுதான். எங்கள் ஆட்கள் கத்திக்கொண்டிருக்கும்போதே, வேலியோரம் மாட்டுவண்டி மேல் நின்ற பாகூர்ப் பெரியவர் ஒருவர் விரலை மடக்கி மடக்கி எண்ணுவதைப் பார்த்தேன். பத்து விரலும் தீர்ந்த பிறகு அவர் பக்கத்திலிருந்தவனின் கையைப் பிடித்து இழுத்தார். ‘வில்லியனூருல பதினொன்னுன்னா பன்னெண்டாப்பா?’ என்று அவர் கேட்டதும் மைதானம் முழுக்கச் சிரித்தது. நடுவர் கோலை ரத்துசெய்துவிட்டு, ஒருவரை வெளியே அனுப்பச் சொன்னார்.

சாயபு கோட்டருகே வந்தார். சொல்தாவும் உள்பக்கமிருந்து வந்து நின்றார். நடுவில் சுண்ணாம்பு. நான் வழக்கம்போல் நடுவே போய் நின்றேன். சொல்தா என் தோளைப் பிடித்து ஒதுக்கினார்.

‘இந்தக் கணக்கு உங்ககிட்ட இன்னா சொன்னான்?’ என்றார் சாயபு.

‘புது ஆளுக்கு எப்பவாச்சும் வாய்ப்பு கெடச்சா உங்களுக்கு சந்தோசம்னு.’

‘நான் சொன்னது, புது ஆளு ஆடலன்னா நாளையிலேந்து பந்து கெடையாதுன்னு.’

‘நான் சொன்னது, அவன் எறங்குனா தை முடியறதுக்குள்ள சைகோன் போயிடுவேன்னு.’

சாயபு சொல்தாவின் கேட்காத காதுப் பக்கத்திலிருந்து விலகி, கோட்டைத் தாண்டி, மற்றக் காதுப் பக்கம் போய் நின்றார்.

‘கப்பலா? வூட்ல சொல்லிட்டீங்களா?’

‘இன்னும் இல்ல.’

‘சொல்லாதீங்க.’

இதைச் சாயபு மிக மெதுவாகத்தான் சொன்னார். இரண்டு வருடம் எல்லாவற்றையும் மெதுவாக்கிச் சொல்லிக்கொண்டிருந்த எனக்கு, இதை இப்படிச் சொல்லத் தோன்றியதே இல்லை. சொல்தா தரையைப் பார்த்தார். நடுவர் விசிலை வாயில் வைத்துக் காத்திருந்தார். யாரை வெளியே எடுப்பது என்று நீங்களே சொல்லுங்கள், நான் குறுக்கே வரமாட்டேன் என்றார் சாயபு. சொல்தா, நீங்கள் நினைப்பதைச் சொல்லுங்கள் முதலில் என்றார். இருவரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். பயிற்சி கொடுப்பவரும் பணம் போடுபவரும் சேர்ந்து எடுத்த முதல் முடிவு, என்னை வெளியே எடுப்பது.

அன்று ஒரு கோலில் தோற்றோம். திரும்பும்போது இருவரும் ஒரே வண்டியில் ஏறிக்கொண்டார்கள். பின்வண்டியில் இருந்த எங்களுக்குக் கரிக்கலாம்பாக்கம் தாண்டியும் அவர்கள் பேச்சுக் கேட்டது. பாதி வசவு, பாதி சிரிப்பு. என் சேதிகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக்கொண்டு வந்தார்கள். சொல்தா சைகோன் போகவில்லை. அடுத்த பருவத்திலிருந்து, ஆளைச் சாயபு காட்டுவார், ஒரு மாதம் சொல்தா ஓடவிட்டுப் பார்ப்பார், பிறகு இருவரும் கடையில் சாக்கு மேல் உட்கார்ந்து பெயர் எழுதுவார்கள். கோட்டை மட்டும் சொல்தா கடைசிவரை தானே இழுத்தார். சாயபுவும் வெளியேதான் நின்றார், செருப்போடு.

இப்போது எனக்கு எண்பத்திரண்டு வயது. தொலைக்காட்சியில் ஏதோ நாட்டு அணியின் மேலாளர் பயிற்சியாளரை நீக்கிவிட்டார் என்று செய்தி வாசிக்கிறார்கள். இருவர் பேச்சையும் எடுத்துப்போனவன் யார் என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது. அவர்கள் இருவரும் போய்ச் சேர்ந்து பல காலம் ஆகிறது. அவர்களுக்கு நடுவே நான் நிற்காமல் இருந்திருந்தால், முதல் மாதத்திலேயே ஒரு நல்ல சண்டை போட்டு முடித்திருப்பார்கள். நல்லது செய்வதாக நினைத்து இரண்டு வருடத்தை வீணாக்கினேன்.

நான்கு ஞாயிறு என்னை வெளியே உட்காரவைத்தார்கள், ஐந்தாம் ஞாயிறு திரும்பச் சேர்த்தார்கள். புது ஆள் வலது ஓரத்துக்குப் போனான். ஆனால் இனிமேல் பனியன் எனக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், அந்தப் பன்னிரண்டாவதை நான் விலைக்கு வாங்கிக்கொள்ள வேண்டும் என்றார் சொல்தா. விலையைச் சாயபு சொன்னார். ஒரு காசு குறைக்கவில்லை. எட்டுப் பணம் ஒரு ரூபாயாக இருந்த அந்தப் புதுச்சேரிக் கணக்கில், ஒரு ரூபாய், இரண்டு பணம்.