எப்படியும் வந்துவிடுவார்

குழுவின் நினைவு மலருக்கான இந்தக் கட்டுரையை எழுதாமலே விட்டிருப்பேன். படிப்பைப் பாதியில் விட்டவன் நான். என் பெயரை அச்சில் பார்த்தால் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். "வாய் மட்டும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்குதில்ல? உக்காந்து எழுதுடா" என்றார் அம்மா. எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது பந்திங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பா இறந்த பிறகு அம்மாவையும் என்னையும் கிள்ளான் பட்டணத்துக்கு அழைத்து வந்தவர் அவர்தான். பள்ளியில் பழகிய ஹேண்ட்பால் அவருக்கு வேலை வாங்கிக் கொடுத்தது. ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலை, தன் குழுவில் ஆடுவதற்காகவே அவரை ஸ்டோரில் சேர்த்துக்கொண்டது. இன்னும் அதை வாலிபால் என்றே நினைத்துக்கொண்டிருக்கும் மாமாக்களுக்காகச் சொல்கிறேன்: பந்தைக் கையால் எறிந்து கோல் போடும் ஆட்டம் அது. பக்கத்துக்கு ஏழு பேர். அண்ணன் கோல் போட்டு நான் பார்த்தது அபூர்வம். போட வருகிறவனை நெஞ்சைக் கொடுத்துத் தடுப்பதே அவர் வேலை.

"என்னண்ணே, தூண் மாதிரி நிக்கிறதுக்கா சம்பளம்?" என்று சீண்டுவேன்.

"உனக்குச் சோறு போடறதே இந்தத் தூணுதான்டா. மூடிக்கிட்டுத் தின்னு."

பந்து வழுக்காமலிருக்க விரல்களில் பிசின் தடவிக்கொள்வார். லேசில் போகாது. அந்தக் கையோடு தட்டின் முன் உட்கார்ந்தால் அம்மா கத்துவார்.

காய்ச்சலோ சுளுக்கோ, ஓர் ஆட்டத்துக்கும் அவர் வராமலிருந்ததில்லை. குழுத் தலைவன் குணா என் நண்பன். அண்ணனுக்கு மட்டும் அவன் மாற்று ஆள் வைத்துக்கொண்டதே இல்லை.

போன வருடம் அந்த ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஆட்டம். காலையில் ஸ்டோருக்குப் போய்விட்டு அப்படியே பஸ்ஸில் வருவதாகச் சொல்லியிருந்தார். ஆட்டம் தொடங்கும் நேரமாகியும் ஆளைக் காணவில்லை. கைப்பேசி வைத்துக்கொள்ளாதவர் அவர்.

"யாராச்சும் போய்ப் பாக்கலாமா?" என்றார் கோல் கீப்பர்.

"அவரையா? எப்படியும் வந்துருவாருலா. அதுவரைக்கும் ஆறு பேரா ஆடுவோம்" என்றான் குணா.

"பஸ்ஸத் தள்ளிக்கிட்டு வராரு போல" என்றேன். எல்லோரும் சிரித்தோம். கடைசிவரை ஆறு பேராகவே ஆடினார்கள்.

வீடு திரும்பினேன். "அண்ணன் எங்கடா?" என்றார் அம்மா.

"ஏன், வீட்டுல இல்லியா?"

எங்களோடு இருப்பதாக அம்மா நினைத்திருந்தார். வழியில் இருப்பதாக நாங்கள் நினைத்திருந்தோம். ஒரு போலீஸ்காரர் அவருடைய பையோடு வாசலில் வந்து நிற்கும்வரை அண்ணனை யாரும் தேடவில்லை.

பகலிலேயே பஸ் நிலையத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்திருக்கிறார். மாலைவரை மருத்துவமனையில் உயிர் இருந்திருக்கிறது. நினைவு வந்தபோதெல்லாம் கதவையே பார்த்தார் என்று தாதி சொன்னார்.

குளிப்பாட்டும்போது அம்மா அவர் விரல்களைப் பிரித்துப் பார்த்தார். "இன்னிக்குக் கை சுத்தமா இருக்கேடா..." என்று சொல்லித்தான் அழுதார்.

பஸ் நிலையத்தில் அண்ணனைத் தூக்கிச் சென்றவர்கள் யாரென்று எங்களுக்குத் தெரியாது. இந்த மலர் உங்கள் கைக்கு வந்தால் எங்கள் வணக்கத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். கடைசிவரை பக்கத்தில் நின்ற அந்தத் தாதிக்கும், தோள் கொடுத்துச் சுமந்த குழுவினருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அண்ணன் நின்ற இடத்தில் இப்போது என்னை ஆடக் கூப்பிடுகிறான் குணா. "நான் அவரு மாதிரி இல்லடா. ஒருநாள் வரலேன்னா என்ன பண்ணுவே?" என்று கேட்டேன்.

"ஆட்டத்த நிறுத்திட்டு, எல்லாருமா உன்னத் தேடிக்கிட்டு வருவோம்லா."