கரையும் என்று சொன்னது

கடையின் ஷட்டர் பாதிதான் தூக்கியிருந்தது. அதைத்தான் முதலில் கவனித்தேன். சாலைக் கடைத்தெருவில் மூட்டை இறக்குகிற நேரம் அது. மற்ற கடைகள் எல்லாம் திறந்துவிட்டன. குனிந்து உள்ளே போனபோது எங்கள் முதலாளி அண்ணாச்சி, சாயப்பொடி டின்களுக்கு நடுவே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"நம்ம கோமதி போயிட்டா பிள்ள. இப்பதான் ஆஸ்பத்திரியில இருந்து போன் வந்துச்சு" என்றார்.

எலிக்காய்ச்சல் என்றார்கள். அழுகை வருவதற்கு முன்னால் எனக்கு வேறொரு நினைப்பு வந்தது. அண்ணாச்சி ஒரு நாளும் என்னை 'நம்ம செல்வி' என்று சொன்னதில்லை. கோமதியை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவளைப் பற்றி எழுதும்போது இதை விட்டுவிட்டால், மீதி எழுதுவதிலும் அர்த்தம் இருக்காது. அவள் மேல் எனக்குப் பொறாமை. இப்போதும் அது முழுதாகப் போகவில்லை.

சாயம், படிகாரம், கற்பூரம், காவிப்பொடி, சலவைச் சோடா விற்கிற கடை எங்களுடையது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே சமயத்தில்தான் வேலைக்குச் சேர்ந்தோம். அவள் வலியசாலையில் பிறந்து வளர்ந்தவள், ப்ரீ டிகிரியில் சயன்ஸ் எடுத்துப் படித்தவள். நான் வள்ளியூர்ப் பக்கத்தில் எட்டாம் வகுப்போடு நின்றவள். அப்பாவுக்கு மலையாளம் பேசும் இந்த ஊரில் ஒரு ஹோட்டலில் வேலை கிடைத்ததால் வந்தேன். முன்பக்கம் நின்று ஆட்களிடம் பேசி விற்க ஒருத்தி, பின்பக்கம் நிறுத்துப் பொட்டலம் போட ஒருத்தி. யாருக்கு எது என்று அண்ணாச்சி முதலில் சொல்லவில்லை. கூச்சம் பிடித்தவள்தான் நான். ஆனாலும் முன்பக்கம் நிற்கத்தான் ஆசைப்பட்டேன். அங்கே நின்றால் கூச்சம் போய்விடும் என்று நம்பினேன்.

சேர்ந்த புதிதில் ஒருநாள் ஒரு மலையாளச் சேச்சி வந்து, ஒரு சிவப்புச் சாயத்தைக் காட்டி, "மோளே, இது வெள்ளத்தில் அலியுமோ?" என்று கேட்டார். பக்கத்தில் நின்றது நான். தண்ணீரில் கரையுமா என்கிற கேள்வி புரிந்தது. நல்ல குரலில், "கரையும் சேச்சி, நல்லா கரையும்" என்றேன்.

அவர் டின்னையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அய்யோ, அது எந்தினா கரயுன்னே?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மலையாளத்தில் கரயும் என்றால் அழும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். சாயம் அழும், நன்றாக அழும் என்று சொல்லியிருக்கிறேன்; அது ஏன் அழுகிறது என்று அவர் கேட்கிறார். காது இரண்டும் சூடாகிவிட்டன. அப்போது கோமதி பின்னாலிருந்து வந்து, முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னாள்: "ஆத்யம் கொறச்சு கரயும் சேச்சி. பின்னே சாரியில் பிடிச்சோண்டு மிண்டாதிருக்கும்."

முதலில் கொஞ்சம் அழும்; பிறகு சேலையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடும். அந்தச் சேச்சி சிரித்துக்கொண்டே இரண்டு நிறம் வாங்கிப்போனார். மறுநாள் அண்ணாச்சி அவளை முன்பக்கம் நிறுத்தினார்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். 'அந்தக் கரயுன்ன சாயம் உண்டோ?' என்று கேட்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கோமதியைப் பார்த்துக் கேட்பார்கள், கோமதியைப் பார்த்துச் சிரிப்பார்கள். நாளாக ஆக, அப்படிச் சொன்னதே அவள்தான் என்று ஆகிவிட்டது. தப்பு என்னுடையது. அதற்கு வந்த பெயர் அவளுடையது. நான் பின்பக்கம் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவளிடம் ஒரு கண்ணாடித் தம்ளர் இருந்தது. சாயம் கரைவதைக் காட்டித்தான் விற்பாள். ஒருமுறை ஒரு வயதானவர், "சாயம் கரையுது, கற்பூரம் மட்டும் ஏன் மிதக்குது?" என்று கேட்டார். கோமதி ஒரு துண்டுக் கற்பூரத்தைத் தண்ணீரில் போட்டாள்.

"தண்ணியோட ஒவ்வொரு துணுக்குக்கும் ரெண்டு முனை உண்டு தாத்தா, காந்தம் மாதிரி. உப்பும் சாயமும் பிடிச்சு இழுக்க இடம் கொடுக்கும். தண்ணி சுத்தி நின்னு ஒண்ணொண்ணா பிரிச்சு எடுத்துட்டுப் போயிரும். கற்பூரத்துல பிடிக்கப் பெருசா ஒண்ணும் இல்ல. தண்ணிக்கு அது மேல கோபம் கிடையாது, கேட்டேளா. அது தன் ஆளுங்களைப் பிடிச்சுக்கிட்டு நின்னுரும். கற்பூரம் வெளிய நிக்க வேண்டியதுதான்."

கற்பூரத்தைப் பற்றித்தான் சொன்னாள். எனக்கு என்னைச் சொன்னது போலக் குத்தியது. அவள் இந்த ஊரில் எங்கே போனாலும் யாராவது கையைப் பிடித்துக்கொள்வார்கள்.

அன்று சாப்பிடும்போது வேண்டுமென்றே கேட்டேன்: "அப்போ காவிப்பொடி? அதுவும் கரையல, அடியில போய்ப் படியுது. அதுக்கும் முனை இல்லியா?"

கையில் சோற்றோடு யோசித்தாள். "தெரியலியேட்டி" என்றாள். அவள் வாயிலிருந்து அதைக் கேட்க எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் அவள் அதை விடவில்லை. படித்த கல்லூரிக்கே போய் டீச்சரிடம் கேட்டுவந்தாள். காவியிலும் முனை உண்டாம். ஆனால் அதன் துணுக்குகள் தங்களுக்குள் பிடித்திருக்கிற பிடி, தண்ணீரால் பிரிக்க முடியாத அளவு பலமாம். "பிடிக்க இடம் இருந்தா மட்டும் போதாது, உள்ள இருக்கிற பிடியை விடவும் செய்யணும்" என்றாள். இதைக் கடையில் எல்லோரிடமும் சொன்னாள். சொல்லும்போதெல்லாம், "இது நம்ம செல்வி கேட்ட கேள்வியாக்கும்" என்று பின்பக்கம் கை காட்டுவாள். நான் படிகார மூட்டைக்குப் பின்னால் குனிந்துகொள்வேன்.

கோமதியின் வீட்டுக்குப் போனபோது முன்னறையில் உட்கார இடமில்லை. எனக்கு இப்படி யார் வருவார்கள் என்றுதான் அங்கேயும் நினைத்தேன். வந்தவர்களில் பாதிப்பேர் கடைக்கு வருகிறவர்கள். ஒவ்வொருவரும் அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அதே கதையைச் சொன்னார்கள். உங்கள் மகளுக்கு ஆரம்பத்தில் மலையாளம் சரியாக வராது, சாயம் கரயும் என்று சொன்னாள், எப்படிச் சிரித்தோம் தெரியுமா என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். அம்மாவின் முகம் ஒவ்வொரு முறையும் சுருங்கிப்போனது. கடைசியில் என்னைக் கூப்பிட்டார்.

"நீ கூட வேல பாத்தவதானே. மலையாளத்துல எப்பவும் ஃபர்ஸ்ட் மார்க்கு வாங்குன பிள்ளைட்டி அவ. அவளா அப்படி உளறுனா? வாறவங்க எல்லாம் என் பிள்ளைக்குப் பேசத் தெரியாதுன்னு சொல்லிட்டுப் போறாங்க."

இப்போது கடையில் முன்பக்கம் நிற்பது நான்தான். அண்ணாச்சி சொன்னார், நிற்கிறேன். அந்த இடத்தை அவளுடையது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அன்று அவள் சொன்ன பதில். சாயம் அழும் என்பதோடு நின்றிருந்தால் நான் மறுநாளே வேலையை விட்டிருப்பேன். பிடித்துக்கொண்டு பேசாமல் இருக்கும் என்று அவள் சேர்த்ததால்தான் இருந்தேன்.

அன்று கோமதியின் அம்மாவிடம், "அது நான் சொன்னது அத்தை" என்றேன்.

என் குரல் அவருக்கே சரியாகக் கேட்கவில்லை. "என்னட்டி?" என்றார். அறையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழுந்து நின்று, நான் சொன்ன தப்பையும் அதற்கு அவள் சொன்ன பதிலையும் எல்லோருக்கும் கேட்கும்படி மலையாளத்தில் சொன்னேன்.