இராக்கொக்கின் கால்கள்

"வசந்தமலர் கணேசலிங்கம். வயது இருபத்தொன்பது. கணவரில் தங்கியிருப்பவர். தொழில் இல்லை. விசேட திறமைகள் இல்லை. வன்முறைச் செயல்களுடன் தொடர்பு இல்லை."

1992இல் ஒரு அரசாங்கப் படிவம் அவரைப் பற்றி இப்படிச் சொல்லியது. எழுதிய உத்தியோகத்தரைக் குறை சொல்வதற்கில்லை. பக்கத்துக் கதிரையில் இருந்த கணவர் சொல்லச் சொல்லத்தான் அவர் எழுதினார். அந்தக் கிழமையில் மட்டும் வசந்தமலர் பதினான்கு ஆண்களை உதைத்திருந்தார். அதில் ஒருவரை மாடிப்படியிலிருந்து.

உதை வாங்கியவர்களுக்கு அதற்குச் சம்பளம் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நைட் ஹெரன் ஒரு காமிக் புத்தக நாயகி. பகலில் நூலகத்தில் வேலை, மாலையில் முகமூடி. துப்பாக்கியைத் தொடமாட்டாள், எல்லாவற்றையும் காலால் முடிப்பாள். தமிழில் சொன்னால் இராக்கொக்கு. அந்தப் பெயருக்கு எங்கள் கள்ளன் ஒருவனும் பயப்படமாட்டான். லண்டனில் அதைத் தொலைக்காட்சித் தொடராக எடுத்தபோது, நாயகியாகத் தெரிவான நடிகையிடம் அழகான முகமும் பழுதான முழங்காலும் இருந்தன. சண்டையில் முகம் முகமூடிக்குள் போய்விடும். தேவைப்பட்டது முழங்கால்தான். அதே உயரத்தில் ஒரு பெண்ணைத் தேடியவர்கள், வால்தம்ஸ்டோ விளையாட்டு மண்டபம் ஒன்றில் தரை துடைத்துக்கொண்டிருந்த வசந்தமலரிடம் வந்து சேர்ந்தார்கள். ஆளில்லாத நேரத்தில் அவர் துடைப்பத்தைச் சாத்திவிட்டு மணல் மூட்டையை உதைப்பதை அங்கே கராட்டி பழக்குபவர் பார்த்திருந்தார். யாழ்ப்பாணத்தில் ஆறு வருடம் பழகி, பிறவுண் பெல்ற் வரை வந்த கால்கள் அவை.

அந்தக் கால்களைப் பற்றி வெளியில் பேசக்கூடாது என்பது ஒப்பந்தம். எல்லாச் சண்டைகளையும் நடிகையே செய்கிறார் என்று விளம்பரம் ஏற்கெனவே அச்சாகியிருந்தது. வீட்டிலும் பேச முடியாது. கலியாணத்தோடு கராட்டியை விட்டுவிடுவாள் என்று பெண் பார்க்க வந்த அன்றே அவருடைய தகப்பன் வாக்குக் கொடுத்திருந்தார். ஆகவே கணேசலிங்கத்தைப் பொறுத்தவரை மனைவிக்கு சான்ட்விச் கொம்பனியில் ஷிப்ட், படிவத்தில் சொல்லாத கைக்காசு வேலை. காலில் கன்றிப்போன கண்டல்களெல்லாம் தட்டுகள் இடித்தவை. பலம் தெரிந்த இடத்தில் பெயர் இல்லை, பெயர் தெரிந்த இடத்தில் பலம் இல்லை. இராக்கொக்கின் உடுப்புக்கு முதுகில்தான் சிப். யாராவது இழுத்துவிடும்வரை வெளியே வர முடியாது. எந்தப் பூட்டையும் ஒரே உதையில் திறப்பவள், இடைவேளையில் அந்த றப்பர் உடுப்புக்குள் வியர்த்தபடி உடுப்புக்காரப் பெண்ணுக்காகக் காத்திருப்பாள். வீட்டுக்கு வந்தால் ஒற்றை அறை. கட்டிலுக்கும் அலமாரிக்கும் இடையில் அந்தக் கால்களை நீட்டவே இடமில்லை.

சிக்கல் வெளியில் வந்தது ஒரு பழக்கத்தால். யார் மேலாவது கால் பட்டால் உடனே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். மூன்று வயதில் பழக்கிய இதை முப்பது வயதில் மறக்கச் சொன்னால் கை கேட்காது. வசந்தமலர் ஆறடி வில்லனை உதைத்து விழுத்துவார், பிறகு குனிந்து அவன் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றுவார். இயக்குநர் நிறுத்தச் சொல்வார். மறுபடி உதை, மறுபடி கும்பிடு. கடைசியில் வில்லனை உதைத்து ஒரு சுவரையும் உடைக்க வேண்டிய காட்சி வந்தது. சுவர் ஒன்றுதான் இருந்தது, மறுபடி எடுக்க வழியில்லை. கும்பிடு படத்திலேயே தங்கிவிட்டது. ஏதோ பழைய துறவிகளின் இரகசிய வணக்கம் என்று ஆங்கில ரசிகர்கள் கடிதம் எழுதினார்கள்.

லண்டன் தமிழருக்குத் துறவிகள் தேவைப்படவில்லை. முகமூடிக்குள் இருப்பது வெள்ளைக்காரி இல்லை, எங்கட பிள்ளை என்பது மறுநாளே தமிழ்க் கடைகளில் முடிவாகிவிட்டது. எந்த வீட்டுப் பிள்ளை என்பதுதான் மிச்சம். அதைக் கண்டுபிடிக்கும் பொறுப்பைக் கணேசலிங்கம் தானாகவே ஏற்றுக்கொண்டார். பெற்றோல் நிலையத்து வேலை முடிந்து வந்து, பதிவுசெய்த கசெற்றை முன்னும் பின்னும் ஓட்டி ஆராய்வார். மனைவி பக்கத்திலிருந்து வெங்காயம் உரிப்பார்.

"உது எட்மண்டன் தவநாயகி," என்றார் ஒருநாள். "அவள் கராட்டிக்குப் போனவளெல்லே. கால் தூக்கிற விதத்திலேயே தெரியுது."

"முகமே தெரியேல்லை. பிறகென்ன விதம்?"

"உனக்கு உதொண்டும் விளங்காது."

தவநாயகி கராட்டிக்குப் போனது உண்மை. மெலிவதற்காக, இரண்டு கிழமை. ஆனால் கணேசலிங்கத்தின் கண்டுபிடிப்பு கடைக்குப் போய், கடையிலிருந்து லண்டனின் மறுமுனையில் உள்ள ரெய்னர்ஸ் லேனுக்குப் போய்விட்டது. அங்கேதான் தவநாயகியைக் கேட்டிருந்த மாப்பிள்ளை சிவானந்தனும் அவருடைய தாய் சந்திரவதனாவும் இருந்தார்கள். பெண்ணைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்த நேரம். இறுக்கமான உடுப்போடு ஆண்களை உதைக்கிற மருமகள் தங்களுக்குச் சரிவராது என்று தாய் சொல்லிவிட்டாராம். மூன்று வருடமாகத் தட்டிப்போய் வந்து சேர்ந்த சம்பந்தம் அது. தவநாயகி சாப்பிடாமல் கிடக்கிறாள் என்ற செய்தியையும் வீட்டுக்குக் கொண்டுவந்தவர் கணேசலிங்கம்தான்.

வசந்தமலர் கத்தியை வைத்தார்.

"அது நானப்பா."

"எது?"

"உதைக்கிறது."

கணேசலிங்கம் சிரித்தார். கசெற்றை நிறுத்தினார். திரையில் இராக்கொக்கு ஒரு காலைத் தூக்கியபடி நடுங்கிக்கொண்டு நின்றது. அவர் அந்தக் காலையும் மனைவியின் காலையும் மாறிமாறிப் பார்த்தார். தட்டுகள் இடித்த கண்டல் சரியான இடத்தில் இருந்தது. நல்ல துப்பறிவாளர், கொஞ்சம் பிந்திவிட்டார்.

"ஒருத்தருக்கும் சொல்லாதை," என்றார் கடைசியில்.

"சொல்லாமல் இருக்கேலாது. அந்தப் பிள்ளையின்ர கலியாணம் நிக்கப் போகுது."

"அவையின்ர கலியாணத்துக்க நாங்கள் ஏன்?"

"அதுக்க கொண்டுபோய் விட்டது நீங்கள்தானே."

சொன்னால் வேலை போகும். ஊர் கதைக்கும். தகப்பன் கொடுத்த வாக்கும் பொய்யாகும். இதையெல்லாம் கணேசலிங்கம் மூன்று நாள் ஒழுங்காக எடுத்துச் சொன்னார். நாலாம் நாள் காரை எடுத்தார்.

ரெய்னர்ஸ் லேனில் சந்திரவதனா தேத்தண்ணி கொடுத்தார், வந்தவர் சொன்னதைக் கேட்டார், அந்த ஐந்தடி ஓரங்குல உருவத்தை ஒரு தரம் மேலிருந்து கீழே பார்த்தார். நம்புவதற்குக் காரணம் எதுவுமில்லை. ஆனால் இப்படியொரு பேரைச் சும்மா வாங்கித் தலையில் போட ஒரு பெண்ணும் இவ்வளவு தூரம் வரமாட்டாள் என்று அவருக்குத் தெரியும்.

"உம்மட மனிசனுக்குத் தெரியுமோ?"

"ஓம். வெளியில காருக்குள்ள இருக்கிறார். உள்ளுக்கு வரமாட்டாராம்."

தவநாயகியின் கலியாணம் தையில் நடந்தது. அதற்கு முன்பே கதை படக் கொம்பனியின் காதுக்கு எட்டி, வசந்தமலரின் ஒப்பந்தம் முடிந்துபோனது. இராக்கொக்கின் அடுத்த பாகத்தில் ஒரு மெல்லிய ஆணுக்குப் பொய்முடி வைத்து உதைக்கவிட்டார்கள். வசந்தமலர் உண்மையாகவே ஒரு சான்ட்விச் கொம்பனியில் சேர்ந்தார். அறை அதே அறைதான்.

அந்தப் படிவத்தில் இல்லாதது இது: 1992இல் ஒளிபரப்பான பதின்மூன்று வாரச் சண்டைகளையும் வசந்தமலர் செய்தார். பிறகு, ஒரு சனிக்கிழமை பின்னேரம், ரெய்னர்ஸ் லேனுக்குப் போய் அதைச் சொன்னார்.